மணியடித்தால் காதைப் பொத்திக்கொள்ளும் பையனை எங்கே அனுப்பச் சொல்கிறீர்கள்?

நூல்கண்டு (பல்லடம் பக்கம்) | சனி இரவு 9.40

இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். நேற்று நடந்த ஒன்று நெஞ்சை அறுத்துக்கொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் ஓர் உறுப்பினர். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். மொத்தம் 57 பிள்ளைகள், தலைமையாசிரியையோடு சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். பாதிப் பேர் எங்களைப் போன்ற விசைத்தறிக் குடும்பத்துப் பிள்ளைகள். மற்றவர்களில் பெரும்பாலோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நூல் மில் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்.

மகள் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஆட்டிசம் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேச்சு மிகக் குறைவு, கணக்கில் என் மகளைவிட வேகம். எங்கள் பள்ளி மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அது நான்காம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே தொங்குகிறது. மணி அடித்தவுடன் அந்தப் பையன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். போன வாரம் ஒரு நாள் கத்திக்கொண்டு வெளியே ஓடினான். குறுக்கே நின்ற ஒரு பெண் குழந்தை கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது.

நேற்றைய கூட்டத்தில் அந்தப் பெண் குழந்தையின் தாய் எழுந்தார். “அவனைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிட்டால் அவனுக்கும் நல்லது, எங்கள் பிள்ளைகளும் நிம்மதியாகப் படிப்பார்கள்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, எனக்குப் பத்து வருடப் பழக்கம். நான்கைந்து பேர் தலையை ஆட்டினார்கள். பையனின் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மில்லில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. மடியில் வைத்திருந்த தூக்குப்போசியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த கூட்டம் நான்கு வாரத்தில் வருகிறது. அப்போது நான் என்ன சொல்ல வேண்டும்? சட்டம் தெரிந்தவர்கள், ஆசிரியர்கள், இப்படிப் பிள்ளை வளர்ப்பவர்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

காங்கேயத்தார் | ஞாயிறு காலை 7.15

நான் எழுதப் போவது பலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் மனத்தில் இருப்பதை மறைத்துக்கொண்டு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதில் ஒருவர் ஒரே பிள்ளையின் பின்னால் ஓடினால் மீதி 56 பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வது? இதைக் கேட்கும் பெற்றோரை நெஞ்சில் ஈரம் இல்லாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாங்களும் ராத்திரி பகலாக உழைத்துத்தான் பிள்ளையைப் படிக்கவைக்கிறோம். என் மகள் வகுப்பிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தது. அது கத்தும்போதெல்லாம் பயந்துபோய், ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவே அழுதாள்.

சிறப்புப் பள்ளியில் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். அங்கே அந்தப் பையன் இன்னும் நன்றாக இருக்க மாட்டானா? உண்மையாகவே கேட்கிறேன்.

வள மையம் (தாராபுரம்) | ஞாயிறு பகல் 12.05

காங்கேயத்தாரே, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பவர்களைவிட உங்களிடம் பேசுவது எனக்கு எளிது. நான் பதினொரு வருடமாக வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக இருக்கிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, ஆட்டிசம் அவற்றில் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பிள்ளையின் உரிமை என்றே சட்டம் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோ மேலாண்மைக் குழுவோ முடிவு செய்ய முடியாது. காது கேளாத சில குழந்தைகளுக்குச் சைகை மொழியோடு வளர ஒரு சிறப்புப் பள்ளி பெரிய வரமாக அமைந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே சிறப்புப் பள்ளி என்றாலே தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாய் அதைக் கேட்டாரா என்பதுதான் கேள்வி. இங்கே கேட்டது வேறு ஒருவர்.

நூல்கண்டு அக்கா, ஆனால் இதைக் கூட்டத்தில் எடுத்தவுடன் வாசிக்காதீர்கள். சட்டப்பிரிவைக் கேட்டதும் ஆட்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். பிரச்சினை பையன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன், எனக்குத் தண்டவாளத் துண்டுதான் கண்ணில் படுகிறது.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குச் சத்தம் நம்மைப் போல் கேட்பதில்லை. தயாராக இல்லாத நேரத்தில் வரும் பெரிய சத்தம் உடம்பில் அடி விழுந்ததைப் போல இருக்கும். அவன் யாரையும் தள்ளிவிட ஓடவில்லை, வலியிலிருந்து ஓடியிருக்கிறான். மணியை மைதானத்துப் பக்கம் மாற்றிக் கட்டலாம். அடிக்கும் கம்பியில் சைக்கிள் டியூபைச் சுற்றலாம். மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஆசிரியை அவனிடம் மணி படம் வரைந்த அட்டையைக் காட்டலாம். “இது முடிந்ததும் இது” என்று அன்றைய நாள் முழுவதையும் படங்களாகச் சுவரில் ஒட்டினால் இன்னும் நல்லது. அந்தப் படங்களை அவனைவிட அதிகமாக ஒடியா பேசும் பிள்ளைகள் பார்ப்பார்கள், எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பின் ஒரு மூலையில் பாய் விரித்து வையுங்கள். தாங்க முடியாதபோது யார் வேண்டுமானாலும் போய் ஐந்து நிமிடம் உட்காரலாம். அவனுக்கு மட்டும் என்று வைத்தால் அது தண்டனை மூலை ஆகிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். துணைக்கு ஒரு பிள்ளையை அவனோடு சேர்த்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. நல்லதுதான், ஆனால் வாரம் ஒருவராக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பொறுப்பான ஒரு பெண் குழந்தையின் தலையில் அது வருடம் முழுக்க விழுந்துவிடும். ஒன்பது வயதுக் குழந்தை ஆயா வேலை பார்க்கக் கூடாது.

பையனின் அம்மாவிடம் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பேச்சுப் பயிற்சிச் செலவுக்கே கைகொடுக்கும்.

கரும்பலகை (ஈரோடு மாவட்டம்) | ஞாயிறு மாலை 6.20

நான் ஆசிரியை. வள மையம் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் “ஆசிரியை செய்யலாம்” என்று வருகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதனால் 57 பிள்ளைகள் உள்ள பள்ளியில் கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கு ஐந்து வகுப்பு என்பது கணக்கில் வராது. ஒருவர் பயிற்சிக்குப் போனால், மாத்திரை கொடுக்கும் நாள் வந்தால், இணையப் பதிவு நின்றுபோனால், அன்றைக்கு ஒரே ஆள். நானும் அப்படி இருந்திருக்கிறேன். போன வருடம் ஒரு மாலை வகுப்பறையைப் பூட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளைகள் மேல் கோபம் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று காலையிலிருந்து என்னிடம் எதையோ சொல்ல வந்து நின்றதும், நான்கு மணி வரை அதைக் கேட்காமலே அனுப்பிவிட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடுத்த நாள் கேட்டேன். அதன் அப்பா வீட்டைவிட்டுப் போயிருந்தார்.

எல்லோருடைய நலம் என்று சொல்லும்போது ஆசிரியரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். பொறுமை வற்றிப்போன ஆசிரியையிடம் எந்தப் பிள்ளைக்கும் நல்லது நடக்காது. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கை ஓங்கும் நிலைக்கு ஒருவர் எப்படி வருகிறார் என்பதை யாராவது கேட்டால் நன்றாக இருக்கும். நான் 14416 எண்ணுக்குப் பேசினேன். மனநல ஆலோசனைக்கான இலவச எண், தமிழிலேயே பேசுகிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எங்கள் பள்ளியில் உண்மையாக உதவியது ஒரு அம்மாச்சி. பேத்தியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் சும்மா மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். செவ்வாயும் வியாழனும் இரண்டு மணி நேரம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல முடியுமா என்று கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் அண்ணன்மார் கதையை இரண்டு மாதம் இழுத்துச் சொன்னார். ஒரு பிள்ளை அசையவில்லை. அந்த நேரத்தில் நான் மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் ஆறு பேரோடு உட்கார்ந்தேன். நூல்கண்டு, உங்கள் குழுவில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவதோடு நிறுத்தாமல், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் யார் தர முடியும் என்று ஒரு தாளைச் சுற்றிவிடுங்கள்.

சாயத்தண்ணீர் | ஞாயிறு இரவு 8.02

கரும்பலகை அக்கா, வாசித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இப்போது எப்படி இருக்கிறது?

கரும்பலகை | ஞாயிறு இரவு 8.30

இரண்டாம் வகுப்பில் இருக்கிறது. தினமும் காலையில் வந்து ஏதாவது ஒன்று சொல்லும், நேற்று சொன்னது கோழி முட்டை பற்றி. இப்போதெல்லாம் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வருகைப்பதிவேட்டைத் திறக்கிறேன்.

கோபி வாத்தியார் | திங்கள் காலை 5.50

அம்மிணி நூல்கண்டு, 34 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எல்லோரும் வகுப்பறையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் யாருக்கு இடம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது பன்னிரண்டரை மணிக்குத்தான் தெரியும்.

நான் தலைமையாசிரியராகப் போன ஒரு பள்ளியில் பிள்ளைகள் வட்டலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்காருவார்கள். மூன்றாவது தூணுக்கு அந்தப் பக்கம் எப்போதும் அதே பதினான்கு பிள்ளைகள். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை. ஆசிரியர்களைக் கேட்டால், “அவர்களாகவே அங்கே போகிறார்கள் ஐயா” என்றார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குத் தன் இடம் தூணுக்கு அந்தப் பக்கம் என்று யார் சொல்லிக்கொடுத்தது? நான் என் வட்டலை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஒரு வாரம் கழித்து, பெயரின் முதல் எழுத்து வரிசைப்படி எல்லோரையும் உட்காரவைத்தேன். இரண்டு குடும்பங்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தன. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு குடும்பம் அரையாண்டு முடிந்து திரும்பி வந்தது, இன்னொன்று வரவில்லை.

நம் கொங்குநாட்டில் இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம். நாம் மரியாதையான ஆட்கள், “ங்க” போடாமல் வாயைத் திறக்க மாட்டோம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் 2018இல் அவிநாசி வட்டத்தில் ஒரு பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்திலும் அதே கதை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய், அந்த அம்மா சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டார். ஆட்சியர் எல்லாப் பள்ளிக்கும் வர முடியாது. நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வெட்டிய பிறகு, அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையிலும் அகர வரிசைப்படி இருக்கை என்ற யோசனை இருக்கிறது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்றும் சொன்னார்.

மணிச் சத்தத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம் அம்மிணி. ஒரு பிள்ளையைத் தள்ளிவைக்கப் பழகிய கை, அடுத்த பிள்ளையையும் தள்ளும். ஊனம், சாதி, பேச்சு, ஏழ்மை என்று காரணம்தான் மாறும். உங்கள் பள்ளியில் அந்த ஒடிசாப் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

நூல்கண்டு | திங்கள் இரவு 10.10

ஐயா, இன்று மதியம் ஒரு மணி நேரம் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் மகளை விடப் போகிறேன், இத்தனை நாளாக இது என் கண்ணில் படவில்லை.

அவிநாசி மாணவி | செவ்வாய் காலை 8.40

நூல்கண்டு அக்கா, அந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லட்டுமா? கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, எங்கள் லைன் வீடுகளில் தன்னார்வலராக இருந்தேன். அப்போது கல்லூரி முதல் வருடம். பதினெட்டுப் பிள்ளைகளில் ஐந்து பேர் ஒடியா.

அதில் ஒரு பெண் குழந்தை வந்து உட்காரும், எழுதும், ஒரு சத்தம் வராது. ஊமையோ என்றுகூடப் பக்கத்தில் பேசினார்கள். எனக்கும் சந்தேகம் வந்தது. புதிய மொழிக்குள் வரும் குழந்தை பல மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்றும், அந்த நேரத்தில் வாயைத் திற என்று நெருக்கக் கூடாது என்றும் எங்கள் பேராசிரியர் ஒருவர் சொன்னார். அதனால் விட்டுவிட்டேன். ஒரு நாள் அது தண்ணீர்க் குடத்தைக் காட்டி, “பாணி” என்றது. ஒடியாவில் தண்ணீர். நான் “பாணி” என்று திருப்பிச் சொல்லிவிட்டு “தண்ணீர்” என்றேன். அடுத்த நாள் அது எனக்கு ஒரு சொல் கொண்டுவந்தது, நான் ஒரு சொல் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். சுவரில் இரண்டு பத்தியாகச் சொற்களை எழுதினோம். ஒடியாச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதியதால் எங்கள் பிள்ளைகள் அதை வாசித்தார்கள், அந்தக் குழந்தை உச்சரிப்பைத் திருத்தியது. வகுப்பிலேயே ஒன்றும் தெரியாதவள் என்று இருந்தவள், ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் டீச்சர் ஆனாள். ஏழாவது மாதம் தமிழில் முழு வாக்கியம் பேசினாள். முதல் வாக்கியம், “அவன் என் பென்சிலை எடுத்துவிட்டான்.”

இன்னொன்று. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று இந்தப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது உண்டு. இரண்டையும் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால், அது ஒரு மாதத்தில் ஓடிப்போய் நூல் பிரிக்க உட்கார்ந்துவிடும்.

பட்டறைக்காரன் (கோவை) | செவ்வாய் இரவு 11.25

எழுதுவது எனக்குக் கடினம், இதையும் மகள் திருத்திக் கொடுத்தாள்.

எனக்கு இப்போது 46 வயது. வாசிப்புக் குறைபாடு என்று ஒன்று இருப்பதே மகளுக்கு அது இருக்கிறது என்று சொன்னபோதுதான் தெரியும். நான் படித்தபோது எனக்கு வைத்த பெயர் மக்கு. வரிசையாக எழுந்து பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, என் பத்தி எது என்று கண்டுபிடித்து, பக்கத்துப் பையனைக் கெஞ்சி அதைச் சொல்லவைத்து மனப்பாடம் செய்துவிடுவேன். நடுவில் ஒருவன் வரவில்லை என்றால் எல்லாம் போயிற்று. எழுத்துகள் எறும்பு மாதிரி ஓடும். பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டேன். கடைசல் இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தை விரலால் தொட்டுச் சொல்வேன், அதை எந்தப் பரீட்சையும் கேட்கவில்லை.

மகளுக்குப் பத்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்கள், சொல்வதை எழுத ஒருவரையும் கொடுத்தார்கள். தேர்வுத் துறையே இந்தச் சலுகைகளைத் தருகிறது. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு நாளும் வகுப்பில் சிரிப்பார்களே, அதற்குச் சலுகைச் சான்றிதழ் கிடையாது. அவளை அதிலிருந்து காப்பாற்றியது ஒரு ஆசிரியை. சத்தமாக வாசிப்பதை விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார், அவ்வளவுதான். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

காங்கேயத்தார் ஐயா, என் மகளும் யாரோ ஒருவருடைய பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் படித்தாள். உங்கள் மகள் அழுதது எனக்கும் வருத்தம்தான். அந்தக் குழந்தை ஏன் கத்துகிறது என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னார்களா?

மலைப்பாதை (கடம்பூர்) | புதன் மாலை 4.15

மலையில் இருந்து ஒரு வரி. ஊராளி, சோளகர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் சமவெளிப் பள்ளிக்கு வந்து, வீட்டுப் பேச்சைப் பேசினால் சிரிக்கிறார்கள் என்று பொங்கல் விடுமுறைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகாமல் நின்றுவிடுவதை வருடாவருடம் பார்க்கிறோம். விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் அரசு கொடுக்கிறது. சிரிப்பைத் தாங்க முடியாமல் நிற்கிறார்கள். பட்டறைக்காரர் எழுதியது எங்கள் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

காங்கேயத்தார் | வியாழன் காலை 6.40

பட்டறைக்காரரே, யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. “அந்தப் பிள்ளை பக்கத்தில் போகாதே” என்று மட்டும் சொன்னேன்.

நேற்று ராத்திரி மகளை உட்காரவைத்துக் கேட்டேன். இப்போது ஐந்தாம் வகுப்பு. “அவளுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது அப்பா, ஃபேனை நிறுத்தினால் கத்த மாட்டாள், எங்களுக்குத் தெரியும், மிஸ்ஸுக்குத்தான் தெரியாது” என்றாள். இதை அவர்கள் இரண்டு வருடமாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையைப் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு பேர் போதாது. ஆனால் அதை அந்தப் பையனின் கணக்கில் எழுதியது என் தவறு.

வள மையம் | வியாழன் இரவு 9.00

எண்ணிக்கை விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் கடமை. ஆசிரியர் தேவை, சாய்தளம், கழிப்பறை எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். எழுத்தில் வராத தேவை மேலே யார் மேசையிலும் நிற்காது. என்னைப் போன்ற ஒருவருக்கு எத்தனை பள்ளிகள் என்பதையும் அதில் கேளுங்கள், எனக்காகவே கேட்கிறேன்.

நூல்கண்டு | நான்கு வாரம் கழித்து, சனி இரவு 10.30

கூட்டம் முடிந்தது. எல்லோரும் விசாரித்திருந்தீர்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முன்பே தலைமையாசிரியையிடம் பேசி, தண்டவாளத்தை அவிழ்த்து மைதானத்து ஓரப் புளியமரத்தில் கட்டினோம். கம்பிக்கு என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூப் சுற்றிக் கொடுத்தார். இப்போது “ணங்” என்ற சத்தம் போய் “டொம்” என்று கேட்கிறது. ஒரு சிக்கலும் வந்தது. சத்தம் குறைந்ததால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் வாரம் ஒரு பிள்ளை பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்க் காட்டுகிறது. இந்த வேலைக்குப் போட்டி அதிகம். பையன் இன்னும் சில நாள் பெஞ்சுக்கு அடியில் போகிறான். நேற்று முன்தினம் பாயில் போய் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னாலேயே அங்கே வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை படுத்திருந்தது.

குழாய்ப் பக்கத்து ஈரத்திலிருந்து பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. கோபி வாத்தியார் ஐயா, அகர வரிசைதான். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை, சான்றிதழ் இன்னும் கேட்கவில்லை.

கூட்டத்தில் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. நேரம் தருபவர்கள் எழுதுங்கள் என்று தாளைச் சுற்றிவிட்டேன். ஏழு பேர் எழுதினார்கள். போன முறை எழுந்து பேசிய அந்தத் தாய் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, “புதன்கிழமை எனக்கு வார விடுமுறை” என்று சொல்லி எழுதினார்.

கடைசியில் வேறு யாராவது பேச வேண்டுமா என்று தலைமையாசிரியை கேட்டார். பையனின் அம்மா எழுந்தார். இந்தப் பள்ளியில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மகனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “பெண் பிள்ளைகள் கழிப்பறையில் உள்ளே தாழ்ப்பாள் இல்லை. என் மூத்தவள் இங்கே படித்தபோதே இல்லை. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள், இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது இருக்கும் பிள்ளைகளும் குடிப்பதில்லை, பாட்டில் நிறையத் தண்ணீர் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பாருங்கள்” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளின் பையைத் திறந்து பார்த்தேன். பாட்டில் நிறைந்திருந்தது.

தீர்மானத்தில் எழுதியாயிற்று. அது வரும்போது வரட்டும். நாளை சந்தைக்குப் போகும்போது இரண்டு தாழ்ப்பாளும் எட்டுத் திருகாணியும் வாங்கிவிடுவேன். கதவு தகரம், துளை போட வேண்டும். பல்லடம் பக்கம் இருப்பவர்கள் யாரிடமாவது துளையிடும் இயந்திரம் இருந்தால் ஞாயிறு மதியத்துக்கு மேல் கொடுக்க முடியுமா?

சாயத்தண்ணீர் | சனி இரவு 10.52

என்னிடம் இருக்கிறது அக்கா. இரண்டு மணிக்கு நானே கொண்டுவருகிறேன். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று மட்டும் தனிமடலில் சொல்லுங்கள்.